‘யாருங்க வரப்போறாங்க’ என்கிற இனத்தார்

வால்பாறை மலைப்பாதையின் வளைவுகளையெல்லாம் வயிற்றிலேயே சுமந்துகொண்டு பஸ் இறங்கிய தேவானந்தம், மகள் ஜெனிஷாவை நான் நடத்துகிற பெண்கள் விடுதியில் சேர்க்க வந்த அன்று, என் வாசற்படியிலேயே சட்டை முழுக்க வாந்தி எடுத்துவிட்டார். எஸ்டேட்டில் தேயிலைக்கு மருந்தடிக்கிற மனிதர். மகளுக்கு முன்னால், தெரியாத ஊரில் இப்படி ஆகிவிட்டதே என்று கூனிக் குறுகி நின்றார். ஏணிமேல் நின்று இன்டர்நெட்டுக்கு ஒயர் இழுத்துக்கொண்டிருந்த லட்சுமணசாமி அண்ணன் இறங்கி வந்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. தன் சட்டையைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு, “எனக்கு வேர்க்குதுங்க, எப்படியும் கழட்டத்தான் இருந்தேன்” என்று மறுபடி ஏணியில் ஏறிவிட்டார். சாயங்காலம் வரை பனியனோடு வேலை பார்த்து, பனியனோடே வண்டியை எடுத்துக்கொண்டு சரவணம்பட்டி ரோட்டில் போனார். அது மார்கழி மாதம். வேர்வையாவது, ஒன்றாவது.

இப்பேர்ப்பட்ட மனிதரைக் கேலி செய்து எழுதுகிறேனே, ஆண்டவர் என்னை மன்னிப்பாராக. ஆனால் அவர் தனி ஆள் அல்ல, ஓர் இனம். உலகத்தில் பூட்டுகிறவர்கள், பூட்டாதவர்கள் என்று இரண்டு வகைதான் உண்டு என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்களா? மூன்றாவது வகை ஒன்று உண்டு. நல்ல கனமான பூட்டாக வாங்கி, கதவைப் பூட்டி, இழுத்துப் பார்த்து, சாவியை அந்தப் பூட்டுக்குப் பக்கத்து ஆணியிலேயே மாட்டிவிட்டுப் போகிற வகை. ஏன் என்று கேளுங்கள். “சொந்தக்காரங்க வந்தா வெளிய நிக்கோணுமுங்களே!” திருடன் வந்தால்? “நம்மூட்டுக்கு யாருங்க வரப்போறாங்க?”

இதுதான் அந்த இனத்தின் மூல மந்திரம். இதைச் சொல்லிக்கொண்டேதான் ஏடிஎம் வாசலில் நம்பரைச் சத்தமாகச் சொல்லிப் பின்னால் நிற்கிற தம்பியை அழுத்தித் தரச் சொல்வார்கள். இதைச் சொல்லிக்கொண்டேதான் பஸ்ஸில் ஸ்பீக்கரைப் போட்டு மருமகளின் ஸ்கேன் முடிவைக் காந்திபுரம் முழுவதற்கும் அறிவிப்பார்கள். போனில் யாரோ “அம்மா” என்று கூப்பிட்டுவிட்டால் போதும், ஓடிபி என்ன, ஜாதகமே கொடுப்பார்கள். இவர்களை ஏமாளிகள் என்று நினைத்துவிடாதீர்கள். இது மரியாதை. ஒருவரிடமிருந்து ஒன்றை மறைத்தால் அவரை நம்பவில்லை என்று ஆகிவிடுமாம். அவர் மனம் சங்கடப்பட்டுவிடுமாம். திருடன் மனதும் ஒரு மனதுதானே!

இந்த இனத்தின் கோவை கிளைக்கு லட்சுமணசாமி அண்ணன் தலைவர் என்றால், காரியதரிசி யார்? நான்தான். கிருபாவதி.

அத்தாட்சி வேண்டுமா? எங்கள் சாப்பாட்டு அறையில் இயேசுவின் திருஇருதயப் படத்துக்குக் கீழே வைஃபை டப்பா இருக்கிறது. வீட்டை மந்திரிக்க வந்த பங்குச்சாமியார் தாராளமாகத் தீர்த்தம் தெளித்ததில் முதல் டப்பா அன்றே போய்ச் சேர்ந்தது. “ஆசீர்வாதம் கொஞ்சம் சாஸ்தியாயிருச்சுங்க” என்று சொல்லி அண்ணன் மாட்டிக் கொடுத்த இரண்டாவது டப்பா இது. வைஃபையின் பாஸ்வேர்டைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தேன். தண்ணீர் கேன் போடுகிறவர், பூக்காரி, பிள்ளைகளைப் பார்க்க வந்து கேட்டருகே நிற்கும் அண்ணன் தம்பிகள், எதிர் டீக்கடைக்காரர் எல்லோருக்கும் அது தெரியும். வந்தவருக்குத் தண்ணீர் கொடுத்து வைஃபை கொடுக்காமல் அனுப்புவது எப்படி?

ஆனால் அந்த டப்பாவுக்கு இன்னொரு பாஸ்வேர்டு உண்டு. டப்பாவையே ஆட்டி வைக்கிற நிர்வாகப் பக்கம் ஒன்று இருக்கிறது. போனில் ஒரு நம்பரைத் தட்டினால் வரும். அதற்குள் போனால் யாருக்கு நெட் உண்டு, யாருக்கு இல்லை, எது எந்த வழியாகப் போகவேண்டும் என்று எல்லாவற்றையும் மாற்றலாம். இந்த அதிகாரத்தை அண்ணன் என் கையில் கொடுத்தபோது எனக்கு பிஷப் பட்டம் கிடைத்ததுபோல இருந்தது. அதை நான் எதற்குப் பயன்படுத்தினேன் தெரியுமா? தினமும் செபமாலை நேரம் வந்ததும் சாப்பாட்டு அறையில் நின்றுகொண்டு, பாஸ்வேர்டைப் போட்டு உள்ளே போய், விடுதி முழுவதற்கும் நெட்டை அணைத்துவிடுவேன். கடைசி மன்றாட்டு முடிந்ததும் திறந்துவிடுவேன். பிள்ளைகள் வேறு வழியில்லாமல் வந்து முழந்தாளிடுவார்கள். அக்ஷிதா என்று ஓர் இந்துப் பெண். அவள் செபமாலையை என்னைவிட வேகமாகச் சொல்வாள். பாதியில் விட்ட சீரியலைப் பார்க்கவேண்டுமே! எங்கள் விடுதியில் விசுவாசம் பெருகிவிட்டது என்று நான் பங்குச்சாமியாரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் மேலே ஓரத்தில் பொடி எழுத்தில் ‘பாதுகாப்பானது அல்ல’ என்று வரும். பொடி எழுத்தில் சொல்வதையெல்லாம் யார் கேட்பது? உண்மையில் டப்பாவை மாட்டிய அன்றே அண்ணன் பூட்டுப் போட்ட வழியைத்தான் போட்டுவைத்தார். அந்த வழியில் சென்றால் போனுக்கும் டப்பாவுக்கும் நடுவே போகும் பேச்சு வேறு யாருக்கும் புரியாதாம். ஆனால் திறந்தவுடன் திரை நிறைய ஒரு சிவப்பு எச்சரிக்கை வந்தது. நான் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டேன். அண்ணன் என் முகத்தைப் பார்த்தார்.

“பயந்துபோட்டீங்களா அம்மணி?”

“காலங்காத்தால செவப்பாத் தெரியுதுங்கண்ணா.”

“இருங்க, அதை எடுத்துப்போட்டு பூட்டில்லாத குறுக்குவழி போட்டுத் தாரேன். நம்ம ஊட்டுக்குள்ள என்னத்துக்குங்க பூட்டு? யாருங்க வரப்போறாங்க?”

எடுத்துவிட்டார். நான் பயப்படக் கூடாது என்பதற்காகப் பூட்டையே கழற்றிவிட்டார். இப்படியொரு உபசாரம் எங்கள் ஊரைத் தவிர வேறு எங்கே நடக்கும்?

பிறகு ஒருநாள் ஜெனிஷா லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு ஓடி வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. அவள் வேலை பார்க்கிற கம்பெனி அந்த லேப்டாப்பை முடக்கிவிட்டது. யாரோ எங்கள் டப்பாவின் நிர்வாகப் பக்கத்துக்குள் புகுந்து வழியை மாற்றி வைத்திருக்கிறார்கள். பேங்குக்குப் போகிறேன் என்றால், பேங்கு மாதிரியே இருக்கிற வேறொரு வாசலில் கொண்டுபோய் விடுமாம். விடுதியில் இத்தனை பேர் இருக்க, அவள் கம்பெனி லேப்டாப் மட்டும்தான் இது பொய் வாசல் என்று கண்டுபிடித்துக் கூச்சல் போட்டது. நெட் சரியாகும்வரை அங்கிருந்து வேலை பார்க்கக் கூடாது என்று உத்தரவு. அவளோ இன்னும் சோதனைக் காலத்தில் இருப்பவள், வேலை நிரந்தரமாகவில்லை. அதைவிடப் பெரிய இடி, அப்பாவுக்குச் சேதி போய்விட்டது. “பெட்டியைக் கட்டு, நான் வாரேன்” என்று அவர் பஸ் ஏறிவிட்டார். நான் கொடுத்த வாக்கை நம்பித்தான் அவர் மகளை மலையிலிருந்து இறக்கினார். மறுபடி ஏறினால் இறங்க விடமாட்டார் என்பது அவளுக்குத் தெரியும்.

“ஆன்ட்டி, டப்பாவோட பாஸ்வேர்டை யார்கிட்டச் சொன்னீங்க?”

“சத்தியமா யாருகிட்டயும் சொல்லல கண்ணு. வைஃபை பாஸ்வேர்டுதான் சொன்னேன். இது என் மனசுக்குள்ளயே இருக்குது.”

“தினமும் சொல்லியிருக்கீங்க. செபமாலைக்கு முன்னாடி.”

எனக்குப் புரியவில்லை. அவள் தலையில் கையை வைத்துக்கொண்டு யோசித்துவிட்டுக் கேட்டாள். “செவ்வாய்க்கிழமை நவநாள்ல அந்தோணியாருக்கு விண்ணப்பம் எழுதிப் போடறீங்கல்ல, அது யாருக்கு எழுதறது?”

“புனிதருக்குத்தான்.”

“யாருக்கெல்லாம் கேக்குது?”

எங்கள் கோயிலில் அந்த விண்ணப்பங்களை உபதேசியார் மைக்கில் வாசிப்பார். ஒருமுறை கொழுந்தனாரின் குடிப்பழக்கம் தீர வேண்டுமென்று எழுதிப் போட்டேன். பூசை முடிந்து நான் பேக்கரியைத் தாண்டுவதற்குள், “இப்ப எப்படிங்க்கா இருக்கறாரு?” என்று பேக்கரிக்காரர் விசாரித்தார்.

“பூட்டில்லாத வழியில போற பாஸ்வேர்டும் அப்படித்தான் ஆன்ட்டி. நீங்க டப்பாவுக்குத்தான் சொல்றீங்க. அதே வைஃபைல ஒட்டுக்கேக்கத் தெரிஞ்ச ஒருத்தன் இருந்தான்னா அவனுக்கும் அப்படியே கேக்கும். நீங்கதான் ஊருக்கே வைஃபை குடுத்து வச்சிருக்கீங்களே!”

கேட்டவன் யார் என்று இன்றுவரை தெரியாது. தெரிந்திருந்தால் அவனுக்கும் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்திருப்பேனோ என்னவோ.

லட்சுமணசாமி அண்ணனுக்குப் போன் போட்டேன். வந்தார். விஷயத்தைக் கேட்டார். பழக்கதோஷம். “நம்ம ஊட்டுக்கு யாருங்க…” என்று ஆரம்பித்தார்.

“வந்துட்டாங்க அங்கிள்” என்றாள் ஜெனிஷா.

அவர் பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து டப்பாவைத் துடைத்தெடுத்து, கடையிலிருந்து வந்த அன்றைய நிலைக்குக் கொண்டுபோனார். ஜெனிஷா புதுப் பாஸ்வேர்டுகளைப் போடச் சொன்னாள்; பூட்டுப் போட்ட வழியைத் திரும்பப் போடச் சொன்னாள். போட்டார். உடனே அதே சிவப்புப் பக்கம் வந்து நின்றது. நான் சிலுவை போட்டேன். அண்ணன் நெற்றியில் கையை வைத்தார். “எடுத்துரலாம்!” என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னோம். பார்த்தீர்களா? அடிபட்டு இன்னும் ஈரம் காயவில்லை.

“இது திட்டல ஆன்ட்டி, கேக்குது. வழியைப் பூட்டியாச்சு, ஆனா அந்தப் பக்கம் இருக்கறது உங்க டப்பாதானான்னு எனக்குத் தெரியல, நீங்களே பாத்து உறுதி சொல்லுங்கங்குது.”

இதுமட்டும் எனக்கு உடனே விளங்கியது. ஏன் என்றால், ஒரு தவக்காலத்தில் நான் கோயிலில் சாமியார் உள்ளே உட்கார்ந்து பாவங்களைக் கேட்கிற பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டு, திரைக்கு இந்தப்புறம் இருந்து, வெளியே ஈ எறும்புக்குக்கூடக் கேட்காத குரலில் நாத்தனார்மேல் எனக்கிருக்கும் கோபத்தை விவரமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பாதியில் உள்ளேயிருந்து, “அக்கா, நான் லைட்டு மாத்த வந்தனுங்க” என்று பதில் வந்தது. ரகசியம் முழுசாகத்தான் இருந்தது. ஆள்தான் வேறு.

ஜெனிஷா மற்றவற்றையெல்லாம் பிடுங்கிவிட்டு விடுதித் தோழி ஒருத்தியின் லேப்டாப்பை ஒயர் போட்டு நேராக டப்பாவோடு இணைத்தாள். டப்பாவின் அடையாளத்தைச் சரிபார்த்து, லேப்டாப்பிலும் என் போனிலும் ‘இதுதான் எங்கள் டப்பா’ என்று பதிந்து வைத்தாள். அதற்குப் பிறகு சிவப்பு வரவில்லை. இனி வந்தால் உண்மையாகவே பயப்படவேண்டும் என்றாள். சுவரிலிருந்த காகிதத்தை நானே கிழித்தேன். வந்து போகிறவர்களுக்கென்று வேறு வைஃபை. அதிலிருந்து நிர்வாகப் பக்கத்தை எட்டிப் பார்க்கவே முடியாது.

எல்லாம் முடிந்த வேளையில் தேவானந்தம் வந்து நின்றார். உட்காரவில்லை. மகள் கட்டிவைத்திருந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டார்.

“கெளம்பு பாப்பா.”

ஜெனிஷா அசையவில்லை. அழவும் இல்லை. என்னைப் பார்த்தாள். எங்கள் இனத்தின் அத்தனை முன்னோர்களும் என் நாக்கில் வந்து உட்கார்ந்தார்கள். ‘பரவால்லைங்க, ஒன்னும் ஆகாதுங்க’ என்று சொல்ல வாய் துடித்தது. பக்கத்தில் அண்ணன் அதைச் சொல்லவே ஆரம்பித்துவிட்டார். அவர் காலை மிதித்தேன்.

“ஆயிருச்சுங்க” என்றேன். “தப்பு என்னுதுதானுங்க. பூட்டறது மரியாதை இல்லைன்னு தொறந்து போட்டு வச்சிருந்தேன். உங்க புள்ளைதான் கண்டுபுடிச்சு, அவளே பூட்டியும் குடுத்திருக்கறா. எனக்கு இன்னும் பயமாத்தான் இருக்குதுங்க. இனி தினமும் பாப்பேன்.”

அவர் மகளை ஒருமுறை பார்த்தார்.

“புள்ளைய விடும்போது, ஒன்னும் ஆகாது ஒன்னும் ஆகாதுன்னு நாலஞ்சு தடவ சொன்னீங்கம்மா” என்றார். “போற வழியெல்லாம் எனக்குப் பயமா இருந்துச்சு. இப்ப நீங்க பயமா இருக்குங்கறீங்க. எனக்குக் கொஞ்சம் தைரியமா இருக்கு.”

பெட்டியைக் கீழே வைத்தார். கம்பெனிக்காரர்கள் அவர்கள் பக்கத்திலிருந்து சோதித்துவிட்டு, அவளை வேலைக்குத் திரும்பச் சொன்னார்கள். இப்போது அவள் வேலை நிரந்தரம்.

நீங்கள் சிரித்துக்கொண்டே படிக்கிறீர்கள். நல்லது. உங்கள் வீட்டு டப்பாவை யாரோ ஒரு நல்ல அண்ணன் மாட்டிவிட்டுப் போயிருப்பாரே, அதன் நிர்வாகப் பக்கத்துக்கு அவர் போட்ட பாஸ்வேர்டை மாற்றினீர்களா? அதைத் திறக்கும்போது ஓரத்தில் பொடி எழுத்தில் என்ன வருகிறது? ‘எங்களிடம் என்ன இருக்கிறது, யார் வரப்போகிறார்கள்’ என்று இப்போது மனதுக்குள் ஒரு குரல் கேட்டதா? கேட்டிருந்தால் வாருங்கள், நம் இனத்தில் எப்போதும் இடம் உண்டு. பூட்டுத்தான் கிடையாது.

ஏணி ஏற முழங்கால் ஒத்துழைக்கவில்லை என்று லட்சுமணசாமி அண்ணன் ஒயர் வேலையை விட்டுவிட்டு அன்னூரில் தம்பியின் தோட்டத்துக்கே குடிபோய்விட்டார். போவதற்கு முன் சொல்லிக்கொண்டு போக வந்தார். காப்பி குடித்தார். கேட் வரை கூடவே போனேன். வண்டியில் உட்கார்ந்தவர் ஏதோ நினைவு வந்தவர்போலத் திரும்பினார்.

“ஏனுங்க அம்மணி, டப்பாவோட புதுப் பாஸ்வேர்டு என்னன்னு சொல்லுங்க. மறந்துபோட்டீங்கன்னா நானாச்சும் நாபகம் வச்சிருப்பேன்.”

“அதுக்கென்னங்கண்ணா” என்று முதல் எழுத்தைச் சொல்லவே வாயைத் திறந்துவிட்டேன். அவர் சட்டென்று கையை உயர்த்தித் தடுத்தார்.

“அதைத்தானுங்க பாத்தேன். கெட்டவன் கேட்டா நீங்க வாயே தொறக்க மாட்டீங்க, அது எனக்குத் தெரியும். என்னையாட்டம் ஆளு கேட்டாத்தான் கஷ்டம். நாளைக்கு நானே போன் போட்டுக் கேட்டாலும் சொல்லீராதீங்க அம்மணி.” வண்டியை உதைத்துக் கிளப்பினார். “நான் ஒன்னும் நெனச்சுக்க மாட்டனுங்க.”