வாலில் கட்டிய பூசணிக்காய்

கயிறு இருந்தது. பூசணிக்காயைக் காணோம்.

ஜவஹர் தன் இரண்டு சீட் குட்டி விமானத்தின் வாலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். படுத்துப் பார்த்தார். வளையத்தில் ஒரு முழம் கயிறு மட்டும் தொங்கியது. தி.நகரில் துணிக்கடை நடத்தும் மனிதர் ஆசைப்பட்டு பைலட் லைசென்ஸ் எடுத்து, ஆசைப்பட்டு விமானம் வாங்கி, மனைவி தங்கத்தின் ஆசைக்காக ஒரே ஒரு திருஷ்டிப் பூசணிக்காய் கட்டிப் பறந்தது ஒரு தப்பா?

அன்று சாயங்காலம் தங்கம் செல்போனை நீட்டினாள்.

"ஏங்க, கொட்டிவாக்கத்துல ஒரு வீட்டு மொட்டை மாடியில பூசணிக்காய் விழுந்து சோலார் ஹீட்டர் சுக்குநூறாம். செய்வினைன்னு பக்கத்து வீட்டோட ஒரே சண்டையாம்."

ஜவஹர் கடித்த வடையைத் தட்டிலேயே திரும்ப வைத்தார். காலையில் அவர் வட்டமடித்தது கொட்டிவாக்கம் கடற்கரைக்கு மேலேதான்.

"தங்கம்! என் லைசென்ஸ் போச்சு!"

அலறியடித்து இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஹபீபுர் ரஹ்மானுக்கு போன் போட்டார்.

"பாய், விமானத்துக்குத் தேர்டு பார்ட்டி பாலிசின்னு ஒண்ணு சொன்னீங்களே..."

"ஆறு மாசமா சொல்றேன் அண்ணாச்சி. 'ஆகாசத்துல எவன் மேல இடிக்கப் போறேன்'னு நீங்கதான் சிரிச்சீங்க."

"இப்ப போட்டுடலாம். தேதி மட்டும் நேத்து தேதியா இருக்கட்டும்."

ஹபீபுர் ரஹ்மானுக்குப் பொறி தட்டியது. மெதுவாகக் கேட்டார்.

"கீழ என்னத்தைப் போட்டீங்க?"

"பூசணிக்காய்."

"யா அல்லாஹ்! நேத்து தேதியில எழுதினா நான் ஜெயிலுக்குப் போகணும். நேரா அந்த வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்லிடுங்க. துணைக்கு நானும் வர்றேன்."

உண்மையைச் சொன்னால் லைசென்ஸ் போய்விடும். அதைவிட நல்ல யோசனை ஒன்றோடு ஜவஹர் மறுநாள் காலை கொட்டிவாக்கத்தில் அந்த வீட்டு வாசலில் போய் இறங்கினார். கையில் கடையின் மஞ்சள் பை.

கதவைத் திறந்தது காமாக்ஷி மாமி.

"வாழ்த்துகள் மாமி! எங்க ஜவுளிக்கடை குலுக்கல்ல உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கு. சோலார் ஹீட்டர்!"

பின்னால் நின்ற ஹபீபுர் ரஹ்மான் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

"உங்க கடைப் பக்கம் நான் வந்ததே இல்லையே?" மாமியின் கண்கள் சுருங்கின. "நேத்து எங்காத்து ஹீட்டர் உடைஞ்சுது. இன்னிக்கு ஹீட்டர் பரிசு. ஏன்யா, செய்வினை வெச்சவன் நீதானா? இந்த முருகன்தான் உன்னை அனுப்பினானா?"

பக்கத்து வீட்டு முருகன், புதிதாக எழுப்பிய தன் மூன்றாவது மாடியிலிருந்து தடதடவென்று இறங்கி வந்தார்.

"மாமி, இந்த ஆளை நான் பார்த்ததே இல்ல!"

"அப்போ போலீஸ் பார்க்கட்டும்." மாமி போனை எடுத்தாள்.

"வேண்டாம் மாமி!" ஜவஹர் பதறிப்போய் சட்டைப் பையிலிருந்து அந்த ஒரு முழக் கயிற்றை உருவினார். "செய்வினையும் இல்ல, குலுக்கலும் இல்ல. பூசணிக்காய் என்னோடது. என் பிளேன்லேருந்து விழுந்தது."

தெருவே வாயைப் பிளந்தது. எல்லோரையும்விடப் பெரிதாகப் பிளந்தது முருகனின் வாய்தான். முதலில் பேச ஆரம்பித்ததும் அதுதான்.

"பிளேன்லேருந்தா! ஹீட்டர் இருந்த இடத்துல மாமி நின்னிருந்தா? இன்சூரன்ஸ் இருக்காய்யா?"

"பிளேனுக்கு இருக்கு..."

"பிளேனுக்கு இருக்கு. மாமிக்கு?"

"தேர்டு பார்ட்டி... எடுக்கலை."

"கேட்டீங்களா! நாம ஓட்டுற ஓட்டை ஸ்கூட்டருக்கே தேர்டு பார்ட்டி எங்கேன்னு மடக்குறாங்க. இவர் நம்ம தலைக்கு மேல ஓட்டுறார், ஒண்ணும் கிடையாது. பாய், நீங்களே சொல்லுங்க, இது நியாயமா?"

ஆறு மாதத்தில் முதல்முறையாக ஒருவர் தன் கட்சி பேசியதில் ஹபீபுர் ரஹ்மான் முகம் மலர்ந்தது. "நியாயமே இல்ல சார். ஆமா, உங்க வீட்டுக்கு இன்சூரன்ஸ் போட்டாச்சா?"

"எனக்கெதுக்கு பாய்? நான் என்ன மேலேருந்து அடுத்தவங்க தலையில எதையாவது போடப் போறேனா?"

மாமி ஒரு வெள்ளைத்தாளை நீட்டினாள். ஜவஹர் எழுதிக் கொடுத்தார்: வாலில் பூசணிக்காய் கட்டிப் பறந்தது, அது கழன்று விழுந்தது, இன்சூரன்ஸ் எடுக்காமல் இருந்தது, புது ஹீட்டர் வாங்கித் தரப்போவது எல்லாவற்றையும். முருகன் தானாகவே முன்வந்து சாட்சிக் கையெழுத்துப் போட்டார். யாரோ அந்தத் தாளைப் படமெடுத்து தெரு வாட்ஸ்அப் குழுவிலும் போட்டுவிட்டார்கள்.

"இனிமே நான் பறந்த மாதிரிதான் பாய்."

ஜவஹர் கண்கலங்க வானத்தை அண்ணாந்து பார்த்தார். குறுக்கே, முருகனின் மூன்றாவது மாடி விளிம்பிலிருந்து ஒரு கயிறு தொங்கிக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. வெறும் கயிறு.

போன் அடித்தது. விமானத்தளத்து வாட்ச்மேன். ஜவஹர் கண்ணைத் துடைத்துக்கொண்டே எடுத்ததில் விரல் ஸ்பீக்கரில் பட்டுவிட்டது.

"சார், நேத்து நீ வண்டிய கெளப்பும்போதே அந்தப் பூசணிக்கா இங்க ரன்வேலயே வுழுந்துடுச்சு. ஒடையாம கெடச்சுதா, குங்குமத்தக் கழுவிட்டு மத்தியானமே கூட்டு வெச்சுத் துன்னுட்டோம். அடுத்த தபா கட்றதுக்கு வேற ஒண்ணு வாங்கி வெக்கட்டா?"