சம்பந்தி பெயரில் ஓர் ஈ

"தலை மிகச் சிறியது" என்ற வரியில் வந்து மாட்டிக்கொண்டார் பூச்சி ஆய்வாளர்.

அவர்மேல் தப்பில்லை. ஈயின் தலை சிறியதுதான். ஓடைக்கரையில் அவர் பிடித்த இரண்டு மில்லிமீட்டர் நீர் ஈ உலகத்துக்கே புதுசு. கண்டுபிடித்தவர்தான் பெயர் வைக்க வேண்டும். ஆனால் ஆறு வருஷமாகத் தற்காலிக வேலையில் இருக்கிறவருக்கு உரிமையாவது ஒன்றாவது! "எங்க சம்பந்தி பேரை வைங்க" என்று இயக்குநர் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமைக்குள் ஈயை வர்ணிக்கும் கட்டுரை அவருக்குப் பிடித்துவிட்டால் வேலை நிரந்தரம்.

உள்ளது உள்ளபடி எழுதிக் கொடுத்தார் ஆய்வாளர்: "தலை மிகச் சிறியது. வயிறு பருத்துத் தொங்குவது. வாய் உடம்புக்குப் பொருந்தாத நீளம். கும்பலாக வந்து இறங்கும், விரட்டினாலும் போகாது."

இயக்குநர் படித்துவிட்டுக் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது.

"இதைச் சம்பந்தி படிப்பாருய்யா. அதை மனசுல வச்சுக்கிட்டு இன்னும் கொஞ்சம் பாருங்க."

கோபத்தை அடக்குகிறார் என்று ஆய்வாளருக்குப் புரிந்தது. அட, இதென்ன பெரிய விஷயம்? வீட்டிலேயே ஆள் இருக்கிறதே!

அவர் மனைவி கல்யாணத் தகவல் நிலையம் நடத்துகிறவர். எப்பேர்ப்பட்ட வரனையும் இரண்டே வரியில் தூக்கி நிறுத்திவிடுவார். வேலைவெட்டி இல்லாதவனை 'சொந்தக் காலில் நிற்கத் துடிப்பவர்' ஆக்கிக் கரையேற்றிய கை அது.

"என்னங்க, இப்படிப் பச்சையா எழுதியிருக்கீங்க? யாரு கட்டிப்பா?"

"யாரும் கட்டிக்க வேணாம். சம்பந்தி கோவிச்சுக்கக் கூடாது, அவ்வளவுதான்."

"இப்படிக் குடுங்க."

பத்தே நிமிடத்தில் ஈ ஆளே மாறிப்போனது. "அடக்கமான தலை. செழிப்பான உடல்வாகு. பேச்சுத்திறனுக்கு ஏற்ற வாய். உறவுகளோடு கூடி வாழும் இயல்பு."

மறுநாள் இதைப் படித்த இயக்குநரின் முகம் சுண்டிவிட்டது.

"படிக்கப் படிக்க வயிறு எரியுதுய்யா. நாளைக்கு ஒரு நாள்தான் இருக்கு."

"கவலையே படாதீங்க சார். நாளைக்குப் பாருங்க!"

புகழ் போதவில்லை, அதுதானே? ஆய்வாளர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போனார். மனைவியும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தார்.

"பெரிய இடம்னு முதல்லயே சொல்றதுக்கென்ன? கெட்ட பழக்கம் ஏதாவது உண்டா?"

"அழுகல்ல முட்டை போடும்."

"அதெல்லாம் எழுத வேணாம். சொந்த வீடு?"

"தேங்கின தண்ணிதான்."

"நீர்வளம் மிக்க பகுதியில் சொந்த இல்லம். அப்புறம்?"

வெள்ளிக்கிழமை மூன்றாவது வர்ணனை தயார். ஈ 'அவர்' ஆகிவிட்டார். எடுப்பான தோற்றம், பரந்த மனம், நற்குடிப் பிறப்பு எல்லாம் வந்துவிட்டன. இறக்கை எத்தனை என்று மட்டும் எங்குமே இல்லை.

பக்கத்து மேசைச் சிலந்தி ஆய்வாளர் வாங்கிப் பார்த்தார்.

"ஏம்ப்பா, இது ஈயா, மாப்பிள்ளையா?"

"ஈதான். நல்ல குடும்பத்து ஈ" என்று கெத்தாகச் சொல்லிவிட்டு உள்ளே போனார் நம்மவர்.

இயக்குநர் ஒருமுறை படித்தார். மறுபடியும் படித்தார். 'பரந்த மனம்' வந்த இடத்தில் அவருக்குக் கண் கலங்கியேவிட்டது. காகிதத்தை மேசையில் போட்டுவிட்டுக் கதவைக் காட்டினார்.

"வெளிய போங்க."

ஆய்வாளர் வெளியே வந்தார். போச்சு, ஆறு வருஷமும் போச்சு! மனைவியிடம் எந்த முகத்தோடு சொல்வது? அலுவலகம் மூட இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. கோப்புகளை அடுக்கிக்கொண்டிருந்த, இயக்குநரின் உதவியாளர் அம்மாவிடம் போய் நின்றார்.

"இதுக்கு மேல சம்பந்தியை எப்படிம்மா புகழ்றது? நீங்களாவது சொல்லுங்களேன்!"

அந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

"நேர்ல ஒரு வார்த்தை எதிர்த்துக் கேக்க முடியாம அஞ்சு வருஷமா அந்தச் சம்பந்திகிட்ட மாட்டிக்கிட்டு முழிக்கிறாரு நம்ம இயக்குநர் ஐயா. ஈயை வச்சாவது நாலு வார்த்தை நறுக்குன்னு சொல்லிடலாம்னு பாத்தா, நீங்க அவருக்குப் பொண்ணு பாத்துக் குடுத்துட்டீங்களே!"