மெமரியை அரம் போட்டு ராவிய விவரம்

இராயபுரம்,
செவ்வாய்க்கிழமை.

அன்பும் அறிவும் ஒருசேரப் பெற்ற மச்சான் அலெக்ஸாண்டருக்கு,

உன் அக்காள் புருஷன் பாஸ்கல் எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே நான், உன் அக்காள் வியாகுலம், மகள் ஜானட், அவளுடைய நாலு மாதக் கைக்குழந்தை, நேற்று முதல் வேலைக்கு வந்திருக்கும் கம்ப்யூட்டர் ஆகிய ஐவரும் சுகம். அங்கே ஓசூரில் நீயும் தங்கச்சியும் பிள்ளைகளும் அதேபோல் இருக்க வேண்டிக்கொள்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் சொன்னால் நீ சிரிப்பது எனக்குக் கேட்கும். இதைப் படித்துவிட்டு நீ எவ்வளவு வேண்டுமானாலும் சிரித்துக்கொள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

இரும்புக் கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிற கம்பெனியில் ஜானட் இருப்பது உனக்குத் தெரியும். பிரசவ லீவு முடிந்ததும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று பெரிய மனசு பண்ணிச் சம்மதித்தார்கள், ஆனால் வீட்டில் இவளுக்கென்று சொந்தமாக நல்ல கம்ப்யூட்டர் இருக்கவேண்டும், திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அங்கிருந்தே சோதனை போட்டுப் பார்ப்போம், தேறினால் சரி, தேறாவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வோம் என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். மாப்பிள்ளை ஃப்ரெடி கப்பலில் போயிருக்கிறார், இப்போது எந்தக் கடலில் என்று அவருக்கே தெரியுமோ என்னவோ. பால் குடிக்கிற பிள்ளையை விட்டுவிட்டு இவள் தினமும் ராயபுரத்திலிருந்து கிண்டிக்குப் போய்த் திரும்ப முடியுமா? ஆக, என் மகள் வேலை மொத்தமும் அந்தப் பெட்டியை நம்பித்தான் இருந்தது.

அதற்கு என்னென்ன வாங்கவேண்டும் என்று நீ அனுப்பிய சீட்டில் பிராசஸர் இன்னது, போர்டு இன்னது, மெமரி புது ரகத்தில் பதினாறு பதினாறாக இரண்டு என்று தெளிவாகத்தான் எழுதியிருந்தாய். அடியில் "மாமா, எதையும் மாற்ற வேண்டாம்" என்று எழுதிக் கோடு வேறு இழுத்திருந்தாய். அந்தக் கோடுதான் மச்சான் என்னைக் கெடுத்தது. துறைமுகத்து ஒர்க்‌ஷாப்பில் முப்பத்தேழு வருஷம் ஃபிட்டராக இருந்தவனுக்கு, டயப்பர் கட்டிவிட்டு நான் தூக்கிச் சுமந்த பயல் கோடு போட்டுக் காட்டுகிறானே என்று ரோஷம் வந்துவிட்டது. சனிக்கிழமை காலை தண்டையார்பேட்டையில் ஜஹாங்கீர் கடைக்குப் போய், சீட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு, இருப்பதிலேயே பெரிய பிராசஸர் எது என்று கேட்டேன். ஜஹாங்கீர் நம்ம பழக்கந்தான், அவனுடைய வாப்பா ஹார்பரில் எங்களோடு சரக்குத் தூக்குகிற வின்ச் ஓட்டியவர். ஒன்றை எடுத்துக் காட்டினான். தீப்பெட்டி அகலம்தான் இருந்தது. அதற்குள் இருபது கோர் என்றான். கோர் என்றால் என்ன என்று கேட்டேன், அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், உன் கம்ப்யூட்டர் கம்பெனியில்கூட இவ்வளவு தெளிவாகச் சொல்ல ஆள் இருக்காது:

"அங்கிள், கோருன்னா ஆளு. மெமரின்னா ஷெட்டு. இருவது ஆள இட்டாந்து நாலு மூட்ட எடம் கீற ஷெட்டுல வுட்டா, ஒருத்தன ஒருத்தன் இடிச்சுக்கினு நிப்பான். பாப்பா வேலைக்கு கெட்டியா பத்து ஆளு போதும், ஷெட்ட பெர்சா போடுங்க."

சொன்னதும் எனக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. புரிந்ததுதான் தப்பு, புரியாமல் இருந்திருந்தால் சொன்னதை வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். புரிந்த தைரியத்தில் அலமாரியை நானே பார்க்க ஆரம்பித்தேன். அங்கே நீ எழுதிய அதே பிராசஸர், அதே நம்பர், கடைசியில் எஃப் என்று ஓர் எழுத்து மட்டும் கூடுதல், விலை கொஞ்சம் குறைச்சல். எழுத்து கூட, விலை கம்மி, இதைவிட வேறென்ன வேண்டும், இதைக் கொடு என்றேன். அதை வாங்கினால் படம் காட்டுகிற கார்டு ஒன்று தனியாக வாங்கவேண்டும், வாங்காவிட்டால் டிவி பெட்டி மாதிரி திரை மட்டும் இருக்கும், அதில் ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டு, என் பையிலிருந்து எட்டிப் பார்த்த உன் சீட்டை ஜஹாங்கீர் தானே உருவிப் படித்து, நீ எழுதிய பிராசஸரையும் போர்டையும் கட்டி என் கையில் கொடுத்தான். அதோடு வீட்டுக்கு வந்திருக்கலாம்.

மெமரி விலையைச் சொன்னான் பார், எனக்குத் தலை கிறுகிறுத்துவிட்டது. போன வருஷம் இருந்த விலை என்ன, இப்போது என்ன, உலகம் பூராவும் பெரிய பெரிய கம்பெனிக்காரன் வாரிக்கொண்டு போவதால் நமக்குச் சிந்தினதுதான் கிடைக்கிறது என்கிறான். பிள்ளை பெற்ற வீட்டில் ஏற்கனவே ஆயிரம் செலவு. ஜானட்டுக்கு இதையாவது மிச்சம் பிடித்துக் கொடுப்போம் என்று நினைத்தேன், என் மேல் சத்தியமாக அவ்வளவுதான் என் எண்ணம். புளியந்தோப்பில் பீம்ராவ் இருக்கிறானே, என்னோடு ஒரே பெஞ்சில் வேலை பார்த்தவன், அவன் மகன் கல்யாண வீடியோ எடிட் பண்ணிக்கொண்டிருந்து மஸ்கட்டுக்குப் போய்விட்டான். அந்தக் கம்ப்யூட்டரில் மெமரி பதினாறு பதினாறாக இரண்டு சும்மா கிடந்தன. மெமரி என்னிடம் இருக்கிறது என்றேன். பழசா புதுசா, கொண்டாந்து காட்டுங்க அங்கிள் என்றான் ஜஹாங்கீர். மெமரியில் என்னப்பா பழசு புதுசு, பதினாறு என்றால் பதினாறுதானே என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மத்தியானம் பீம்ராவ் மெமரியோடு வந்தான். உன் அக்காள் போட்ட மீன் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு இரண்டு பேரும் கூடத்தில் உட்கார்ந்தோம். ஜானட் உள் அறையில் குழந்தையைத் தூங்கவைத்துக்கொண்டிருந்தாள். பிராசஸர் பூப்போல உட்கார்ந்தது. மெமரி உட்காரவில்லை. அதன் அடியில் ஒரு சின்ன வெட்டு இருக்கிறது, போர்டில் அதற்கு நேரே ஒரு சின்ன மேடு இருக்கிறது, வெட்டும் மேடும் ஒன்றுக்கொன்று நேராக வரவில்லை, எங்கள் கணக்கில் அரை நூல், அதாவது ஒன்றரை மில்லிமீட்டர், தள்ளி நிற்கிறது. இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும், நீயாக இருந்தாலும், இது வேறே சாமான் போலிருக்கிறது என்று எடுத்து வைத்துவிட்டுக் கடைக்குப் போன் போட்டிருப்பார்கள். நாங்கள் இரண்டு பேரும் ஃபிட்டர். எங்களிடம் சேராத சாமான் என்று ஒன்று இதுவரை வந்தது கிடையாது, சேர்க்கிறதுக்குத்தான் எங்களுக்குச் சம்பளம் கொடுத்தார்கள். பீம்ராவ் அதைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தான்.

"அர நூலு இடிக்குது பாஸ்கலு. இதுக்கா முழிச்சுக்கினு கீறே. அரத்த எடு."

எடுத்தேன். சாமானை நெருக்கிப் பிடிக்கிற வைஸில் துணி சுற்றி மாட்டி, மெல்லிசு அரமாகப் பார்த்து, மாறி மாறி ராவினோம். முதல் மெமரியில் பீம்ராவ் கொஞ்சம் அதிகம் இழுத்துவிட்டான், அதற்கு அவனைத் திட்டினேன். இரண்டாவதை நான் ராவினேன், அளவெடுத்துச் செய்தமாதிரி வந்தது. இரண்டையும் வைத்து அழுத்தினோம், டக் என்று உட்கார்ந்தது. ரிட்டயர் ஆகி மூன்று வருஷத்துக்குப் பிறகு ஒரு முழு வேலை செய்த திருப்தி மச்சான், பொய் சொல்லமாட்டேன், நெஞ்சு நிறைந்துபோனது. சுவிட்சைப் போடப் போனேன். உன் அக்காள் வந்து சுவிட்ச் போர்டுக்கு முன்னால் முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். ஃபாதர் வந்து மந்திரிக்காமல் இதன் மேல் யார் கை வைத்தாலும் அவருக்கு இந்த வீட்டில் சோறு கிடையாது என்றாள். மிக்ஸி வாங்கியபோது மந்திரிக்கவில்லை, ஃபிரிட்ஜ் வாங்கியபோது மந்திரிக்கவில்லை, இதற்கு மட்டும் என்ன வந்தது என்று கத்தினேன், கெஞ்சினேன், காலில் விழாத குறைதான். அசையவில்லை. சோறு என்று சொன்னவுடனே பீம்ராவ் செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டான்.

ஞாயிறு பூசை முடிந்து ஃபாதர் ஆன்றோ தீர்த்தப் பாட்டிலோடு வந்தார். சின்ன சாமியார், நம்ம பங்குக் கோயில் கம்ப்யூட்டர், மைக்கு, நேரலைப் பூசை எல்லாம் அவர் பொறுப்புதான். திறந்த பெட்டியில் தண்ணீர் தெளிக்கக் கூடாது, முதலில் உள்ளே பார்க்கிறேன் என்று டார்ச் அடித்துக் குனிந்தவர் நிமிரவே இல்லை. போர்டு மேல் மஞ்சளாக மினுக்குகிற தூளை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார், "பாஸ்கல் அங்கிள், இத யாரு ராவினது?"

சாமியாரிடம் பாவத்தைச் சொல்கிற பாவசங்கீர்த்தனத்தில்கூட நான் அவ்வளவு நேரம் தலைகுனிந்து நின்றதில்லை. அவர் திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. இது பழைய ரகம், போர்டு கேட்பது புது ரகம், இரண்டுக்கும் கரண்ட் வேறே, தெரியாமல்கூட மாற்றிப் போட்டுவிடக் கூடாது என்றுதான் அந்த வெட்டை அரை நூல் தள்ளி வைத்திருக்கிறார்கள், நேற்று நீங்கள் சுவிட்சைப் போட்டிருந்தால் போர்டும் போயிருக்கும், பிராசஸரும் போயிருக்கலாம் என்றார். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நாளைக்குப் பத்து மணிக்குச் சோதனை. உள்ளே என் மகள் பிள்ளைக்குத் தாலாட்டுப் பாடிக்கொண்டிருக்கிறாள். அவள் சோற்றில் நானே மண்ணைப் போட இருந்தேனே என்று நினைத்தபோது, சுவிட்சை மறித்துக்கொண்டு நின்ற உன் அக்காள் எனக்குத் தெய்வமாகத் தெரிந்தாள். ஃபாதர் கம்ப்யூட்டர் மேல் தீர்த்தம் தெளிக்கவில்லை. என் தலைமேல் இரண்டு சொட்டு விட்டுவிட்டுப் போனார்.

ஜஹாங்கீர் கடைக்கு ஓடினேன். ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருந்தான், அந்த மட்டுக்கும் ஆண்டவருக்கு நன்றி. நீ எழுதிய மெமரியை ஏற்கனவே தனியாகக் கட்டி வைத்திருந்தான், நீங்க வருவீங்கன்னு தெரியும் அங்கிள் என்றான். வீட்டுக்கே வந்து, பிரஷ்ஷால் தூளைத் தட்டி, ஊதி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, நாங்கள் ராவியதை உருவி வெளியே எடுத்தான். கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நல்லாத்தான் ராவிக்கீறீங்க. அத்த ஒத்துக்கறேன்" என்றான். பிறகு புதுசைப் போட்டான், சுவிட்சைத் தட்டினான், திரையில் வெளிச்சம் வந்தது. அதைப் பார்த்ததும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஜானட் வந்து கேட்டபோது திருகாணி முடுக்க வந்தான் என்று சொல்லிவைத்தேன்.

நேற்றுப் பத்து மணிக்குச் சோதனை. ஏதோ ஒரு ஃபேக்டரியின் மொத்த இரும்புக் கூட்டையும் திரையில் இறக்கி, அப்படித் திருப்பு இப்படித் திருப்பு என்று அங்கிருந்து சொன்னார்கள். ஜானட் திருப்பத் திருப்ப அது வெண்ணெய் மாதிரி சுற்றியது. பத்தே நிமிஷத்தில், சரி, புதன்கிழமையிலிருந்து வேலையை ஆரம்பியுங்கள் என்றுவிட்டார்கள். ஜானட் குழந்தையைத் தூக்கி என் மடியில் போட்டுவிட்டு அவள் அம்மா தோளில் சாய்ந்துகொண்டு அழுதாள். நானும் அழுதேன் மச்சான், உன்னிடம் மறைப்பானேன். இரண்டு நாளாக நெஞ்சில் ஏற்றி வைத்திருந்த பாரத்தை இறக்கினாற்போல் இருக்கிறது. ராத்திரி மீன் குழம்பு இரண்டு தடவை போட்டுக்கொண்டேன்.

இனிமேல் நீ சீட்டில் கோடு போடாவிட்டாலும் அதன்படியே நடப்பேன். அரத்துக்கு எண்ணெய் தடவித் துணியில் சுற்றிப் பரண்மேல் போட்டுவிட்டேன், இந்த ஜென்மத்தில் தொடமாட்டேன். தங்கச்சிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு என் முத்தங்கள், உனக்கு மாதாவின் ஆசீரும் இந்த மாமாவின் மன்னிப்பும்.

இப்படிக்கு,
திருந்திய
பாஸ்கல்

பி.கு.: ஜானட்டுக்கு இது எதுவும் தெரியாது. தெரியவும் கூடாது. கம்ப்யூட்டரை அப்பா நல்லபடியாக மாட்டிக் கொடுத்தார் என்றே அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

மாமா, நான் ஜானட். அப்பா இந்தக் கவரை ஒட்டித் தபாலில் போடச் சொல்லி என்னிடம்தான் கொடுத்தார், அது சரியாக ஒட்டவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை அரச் சத்தம் கேட்டதுமே எட்டிப் பார்த்தேன். ஜஹாங்கீர் அண்ணனுக்குப் போன் போட்டேன். கரண்ட்டு போடாத வரிக்கும் ஒண்ணும் ஆவாது பாப்பா, நீ சுவிச்ச மட்டும் பாத்துக்க, ஸ்டாக்கு நான் எட்த்து வெக்கறேன் என்றார். அம்மாவை சுவிட்சுக்குக் காவல் போட்டதும் நான்தான், ஃபாதரை டார்ச்சோடு வரச் சொன்னதும் நான்தான். உடனே போய்த் தடுத்திருக்கலாம். ஆனால் ரிட்டயர் ஆன நாளிலிருந்து அப்பா அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை மாமா. இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் திட்டிக்கொண்டு, இன்னும் ஒரு இழுப்பு, போதும் நிறுத்து என்று அவ்வளவு சந்தோஷமாக இருந்தார்கள். கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டேன். எனக்குத் தெரியும் என்று அவரிடம் சொல்லிவிடாதீர்கள். இன்று காலை பீம்ராவ் மாமா வந்தார். என் மேஜை ஒரு பக்கம் கால் நூல் உயரமாம். அப்பா பரண் ஏறிக்கொண்டிருக்கிறார், நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.