நடக்காத சந்திப்புக்குப் போட்ட டிக்

உங்களுக்கு லீடரைத் தெரியும். தெரியாது என்று சொல்லாதீர்கள். நான்கு பேர் தெருமுனை வரை போவதானாலும் கையில் ஒரு தாளோடு முன்னால் நிற்பாரே, அவர்தான். யாரும் அவரைத் தேர்ந்தெடுத்திருக்க மாட்டார்கள். பேருந்தில் ஏறி உட்கார்ந்து பார்த்தால் அவர் நம்மை எண்ணிக்கொண்டிருப்பார். நாமும் எண்ணப்படுவதற்கு வசதியாகத் தலையைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருப்போம்.

இந்த இனத்தில் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. இங்கே நாம் பார்க்கப்போகிற லீடர், முதியோர் பராமரிப்புப் பயிற்சிப் பள்ளியில் இரண்டாம் ஆண்டு மாணவி. வகுப்பில் மற்றவர்களைவிட மூன்று வயது மூத்தவள். அந்த மூன்று வயதை ஒரு நாள்கூட வீணாக்கியவள் இல்லை. எல்லைக்கு அந்தப் பக்கம், பேருந்தில் நான்கு மணி நேரத்தில் போய்விடக்கூடிய வெளிநாட்டு நகரத்துக்குச் சனி, ஞாயிறு போய்வரலாமா என்று எட்டுப் பேர் மதியச் சாப்பாட்டின்போது பேசிக்கொண்டார்கள். சாயங்காலத்துக்குள் சார்ட் தயார்.

நோயாளிக்கு மாத்திரை கொடுக்கும் அட்டவணை மாதிரியே கட்டம் போட்ட சார்ட். நேரத்துக்கு ஒரு கட்டம், செய்யவேண்டியதற்கு ஒன்று, செய்தாயிற்று என்று டிக் போட ஒன்று, கடைசியில் கையெழுத்து. அருங்காட்சியகம் ஐம்பது நிமிடம். ஆற்றுப்பாலம் பதினைந்து நிமிடம். அதில் படம் எடுக்கப் பத்து, ஆற்றைப் பார்க்க ஐந்து. கழிப்பறை நாளைக்கு நான்கு முறை, எல்லாரும் சேர்ந்து. ஐந்தாவது முறை வந்தால் என்ன செய்வது என்று நெட்டையன் என்கிற மாணவன் கேட்டான். அடக்கப் பழக்குவது எப்படி என்று முதலாண்டிலேயே பாடம் நடத்தினார்களே, தூங்கிவிட்டாயா என்று கேட்டாள் லீடர்.

வகுப்பிலேயே குள்ளமானவளும் அதிகம் பேசாதவளுமான ஒருத்தி இருந்தாள். சின்னவள் என்பார்கள். அவள் கேட்டது ஒன்றே ஒன்று. அவளுடைய அக்கா அந்த நகரத்தில்தான் ஒரு வீட்டில் தங்கி, படுக்கையில் கிடக்கும் பெரியவர் ஒருவரைப் பார்த்துக்கொள்கிறாள். அக்காவும் தங்கையும் பார்த்து மூன்று வருடமாகிறது. பெரியவர் மதியம் இரண்டரையிலிருந்து மூன்றேகால் வரை தூங்குவார். சனிக்கிழமை வீட்டுக்காரர்கள் இருப்பார்கள், அன்று அக்கா நகர முடியாது. ஞாயிறு அந்த முக்கால் மணி நேரம் மட்டும் அக்கா கீழே இறங்கி மருந்துக்கடை வாசலுக்கு வரலாம். வேலை நேரத்தில் போனைத் தொடக் கூடாது. அம்மா தைத்துக் கொடுத்த இரண்டு நைட்டிகளை அவளிடம் கொடுக்க வேண்டும்.

லீடர் கல்நெஞ்சுக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். இந்த இனத்தில் கல்நெஞ்சுக்காரர்கள் மிகக் குறைவு. அவளுக்கே கண் கலங்கிவிட்டது. உடனே சிவப்பு மையால் எழுதினாள்: ஞாயிறு 2.30, சின்னவள் அக்கா சந்திப்பு, 45 நிமிடம்.

"சார்ட்ல ஏறிடுச்சு. இனி நீ அதை நினைக்கவே வேண்டாம்டி."

சனிக்கிழமை சார்ட்படியே போயிற்று. அருங்காட்சியகத்தில் நுழைந்து, கூரையைப் பார்க்கச் சொன்னபோது கூரையைப் பார்த்து, தரையைப் பார்க்கச் சொன்னபோது தரையைப் பார்த்து, ஒரு பெரிய ஓவியத்தின் முன்னால் யாரோ நின்றுவிட்டதால் போன இரண்டு நிமிடத்தைப் பாலத்தில் வேகமாக நடந்து மீட்டு, ஆற்றில் தண்ணீர் இருந்ததா என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்லக்கூடிய நிலையில் விடுதிக்குத் திரும்பினார்கள். லீடருக்கு மட்டும் களைப்பே இல்லை. டிக் போடுகிறவர்களுக்குக் களைப்பு வராது.

அந்த டிக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாத்திரை தொண்டைக்குள் இறங்கிய பிறகுதான் டிக் போட வேண்டும், கிண்ணத்தில் எடுத்து வைத்ததற்கெல்லாம் போடக் கூடாது என்று பயிற்சிப் பள்ளியில் முதல் வாரமே சொல்லிவிடுவார்கள். தேர்விலும் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியவள் லீடர். ஆனால் ஞாயிறு காலை விடுதிச் சாப்பாட்டறையில் மற்றவர்கள் ரொட்டியை மென்றுகொண்டிருக்க, அவள் கையில் பேனா சும்மா இருந்தது. மதியத்துக்கான கட்டங்கள் வெறுமையாக இருந்தன. எப்படியும் செய்யத்தானே போகிறோம்? வரிசையாக டிக் போட்டுவிட்டாள். தாள் நிறைந்ததும் மனசும் நிறைந்தது. நேரம் மிச்சமாகும்போலத் தெரியவே, மணிக்கூண்டு ஏறுவது என்று அடியில் ஒரு வரி புதிதாகச் சேர்த்தாள்.

என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். இரண்டு மணிக்குச் சார்ட்டைப் பார்த்தாள். டிக் இல்லாமல் இருந்தது ஒரே வரிதான். மற்ற ஏழு பேரையும் டிக்கெட் வரிசையில் வெகுநேரம் நிறுத்தி, மணிக்கூண்டின் இருநூற்றுச் சொச்சம் படிகளில் ஏற்றினாள். நினைக்க வேண்டாம் என்று சொல்லப்பட்டிருந்த சின்னவள், இரண்டு நாளாக அதைத் தவிர வேறெதையும் நினைக்காதவள், மருந்துக்கடை இந்தக் கூண்டுக்குப் பின்பக்கத் தெருவில்தான் இருக்கும்போல என்று எண்ணிக்கொண்டு நைட்டிப் பையோடு ஏறினாள். உச்சியில் போய் நின்றபோது தலைக்கு மேல் மணி மூன்று அடித்தது.

"லீடர், அக்காவைப் பார்க்க எப்ப போறோம்?"

லீடர் சார்ட்டைப் பார்த்தாள். "பார்த்தாச்சே" என்றாள். விரலை வைத்துக் காட்டவும் செய்தாள்.

 நெட்டையன் தாளை எட்டிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டான்.

"அவங்க அக்கா இளைச்சிருந்தாங்களா, பூசினாப்பல இருந்தாங்களா? அதையும் எழுதியிருக்கீங்களா?"

சின்னவள் அதற்குள் பாதிப் படி இறங்கியிருந்தாள். குழுவை விட்டுத் தனியாகப் போகக் கூடாது என்று லீடர் மேலிருந்து சொன்னது கூண்டுச் சுவர்களில் மோதி லீடருக்கே திரும்பி வந்தது. பிறகு எல்லாரும் இறங்கி ஓடினார்கள். லீடரும் ஓடினாள். அவள் ஓடியது சார்ட்டில் இல்லாத ஓட்டம். அதனால் மூச்சு வாங்கிற்று.

மருந்துக்கடை வாசலில் யாரும் இல்லை. மணி மூன்று இருபத்திரண்டு. இவ்வளவு நேரம் நின்று தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துப் பார்த்துவிட்டு இப்போதுதான் ஒரு பெண் மேலே போனாள் என்று கடைக்காரர் கையால் காட்டினார். இரண்டாம் மாடி ஜன்னலில் ஒருத்தி பெரியவரின் முதுகுக்குத் தலையணை வைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தவள் கீழே பார்த்தாள். ஒரு கை பெரியவரின் தோளில் இருந்தது, எடுத்தால் சரிந்துவிடுவார். இன்னொரு கையைக் கண்ணாடியில் வைத்தாள். சின்னவள் பையைத் தூக்கிக் காட்டினாள். அக்கா தலையசைத்துக் கடையைச் சுட்டினாள். பிறகு திரைச்சீலைதான் தெரிந்தது. பையைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டுச் சின்னவள் திரும்பினாள். நாலு மணிக்குப் பேருந்து.

லீடருக்கு அவளைத் தேற்ற வேண்டும் என்று உண்மையாகவே தோன்றியது. தோளில் கை போட்டாள். "எப்படியோ பார்த்தாச்சு இல்ல?" என்றாள்.

 பேருந்து நகரத்தைத் தாண்டியதும் சின்னவள், சார்ட்டைக் கொஞ்சம் கொடுங்கள் என்றாள். பேனாவையும் கேட்டு வாங்கினாள். பள்ளியில் சொல்லிக்கொடுத்தபடியே, அழிக்காமல், கிறுக்காமல், அந்த டிக்கின் மேல் ஒரே ஒரு கோடு போட்டாள். பக்கத்தில் எழுதினாள்: கொடுக்கவில்லை. காரணம்: நேரம் தவறியது. மாத்திரைக்கு எழுதுகிற அதே வாசகம். தாளை லீடரின் மடியில் வைத்தாள்.

"கையெழுத்துப் போடுங்க."

இரண்டு வருடத்தில் லீடரின் ஒரு சார்ட்டிலும் அடித்தல் திருத்தல் கிடையாது. மற்ற ஆறு பேரும் ஜன்னலுக்கு வெளியே மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். லீடர் வெகுநேரம் பேனாவை வைத்துக்கொண்டிருந்தாள். கடைசியில் போட்டாள். சின்னவள் தாளை வாங்கிக் கையெழுத்தைப் பார்த்து, சரி என்றாள்.

திருப்பிக் கொடுத்த தாளில், 'மன்னிப்புக் கேட்பது' என்று அடியில் ஒரு வரி எழுதிக்கொண்டாள் லீடர். எழுதிய சூட்டில் அதற்கு நேராக ஒரு டிக்கும் போட்டுவிட்டாள். சின்னவளிடம் அதற்குப் பிறகு அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. எதற்குப் பேச வேண்டும்?

சிரியுங்கள், தாராளமாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும் ஒன்று சொல்லுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறேன் என்று யாரிடமோ சொல்லியிருக்கிறீர்களே. சொன்ன அன்றே மனசு லேசாகிவிட்டதல்லவா?