காலேஜுக்குப் போன கார்

படிவம் நிரப்பிப் பிழைப்பவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. காலியாக ஒரு கட்டத்தைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. எதையாவது எழுதி நிரப்பினால்தான் மூச்சு வரும். சங்கரன்கோவில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸும் ஆன்லைன் வேலையும் பார்க்கிற கடை வைத்திருக்கும் எனக்கு அந்த வியாதி முற்றிப்போய் வீடு வரைக்கும் வந்துவிட்டது. அதன் விளைவாக என் மாமனாரிடம் ஒரு பொய் சொன்னேன். ஒரே ஒரு வாக்கியம். (அது போட்ட குட்டிகள் தனி.)

மாமா கிணற்று மோட்டார் மெக்கானிக். சிவகிரி, வாசுதேவநல்லூர், பனவடலிசத்திரம் என்று எந்த ஊரில் மோட்டார் நின்றாலும் அவரைத் தேடித்தான் ஆள் வரும். கழற்றிய மோட்டாரை டிக்கியில் போட்டு வருவதற்காக அவர் வாங்கியதுதான் அந்த வெள்ளை டீசல் கார். முன்பக்கம் உருண்டை, பின்பக்கம் அதைவிட உருண்டை. கல்யாணமாகி நான் இந்த வீட்டுக்கு வந்து இறங்கியதும் அதில்தான். இறங்கும்போது என் மேல் மல்லிகைப்பூ வாசமும் கிரீஸ் வாசமும் சரிபாதியாக இருந்தன.

வண்டிக்கு வயதாகிவிட்டது. லிட்டருக்கு எட்டு கிலோமீட்டர் கொடுத்தால் அன்றைக்கு அதற்கு மனசு சரியாக இருக்கிறது என்று அர்த்தம். காலையில் ஸ்டார்ட் செய்தால் எதிர்வீட்டு அக்கா கொடியில் கிடக்கிற துணியை எல்லாம் வாரிக்கொண்டு உள்ளே ஓடுவார். மாமாவும் வேலையை விட்டுவிட்டார். ஆனாலும் வாரம் ஒருமுறை ராஜபாளையம் ரோட்டில் கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வருவார். ஏன் என்று கேட்டால், "அதுக்குக் கை கால் மரத்துப் போயிரும்லா" என்பார்.

அந்தச் சமயத்தில்தான் பழைய வண்டிகளுக்கான அரசுத் திட்டம் வந்தது. எண்ணெய் குடிக்கிற பழைய வண்டியை அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் ஒப்படைத்தால் ஒரு சான்றிதழ் கொடுப்பார்கள். அதைக் காட்டிப் புது வண்டி எடுத்தால் சாலை வரியில் சலுகை, பதிவுக் கட்டணம் கிடையாது, ஷோரூமிலும் கொஞ்சம் விட்டுக்கொடுப்பார்கள். கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் இதை விளக்கிக்கொண்டிருந்த எனக்கு, நம் வீட்டு வாசலிலேயே ஒன்று நிற்கிறதே என்று ஒருநாள் உறைத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டின்போது பேச்சை எடுத்தேன். சுற்றுச்சூழல், மைலேஜ், வரிச் சலுகை என்று மேடையில் பேசுகிற மாதிரிப் பேசினேன். மாமா முழுக்கக் கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"புதுசு வாங்குங்க, நான் வேண்டாங்கல. இதக் கொண்டு போயி என்ன செய்வானுவ?"

அதுதான் அந்தக் காலிக் கட்டம். 'உடைப்பாங்க மாமா' என்ற பதில் தொண்டை வரைக்கும் வந்தது. அவர் சோற்றில் கையை வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் வாய் சொன்னது:

"காலேஜ்ல வைப்பாங்க மாமா. பிள்ளைங்க இன்ஜினக் கழத்திப் பாத்துப் படிக்கதுக்கு."

"பாலிடெக்னிக்கா?"

"பாலிடெக்னிக்தான்."

என் வீட்டுக்காரருக்குப் புரையேறியது. மாமா அதைக் கவனிக்கவில்லை.

"நான் பத்தோட நின்னவன், மக்கா. பாலிடெக்னிக்குக்கு அப்ளிகேஷன் வாங்கிட்டு வந்து வச்சிருந்தேன். ஒரு வருசம் பெட்டிக்குள்ளயே கெடந்துச்சு. அப்பா அனுப்பல." கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்தார். "சரி. நான் போகாத காலேஜுக்கு நம்ம வண்டியாவது போட்டும்."

அந்த இடத்திலாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தேன், இன்னும் கொஞ்சம் குழம்பு வேண்டுமா என்று கேட்பதற்காக.

"ஏட்டி, என்ன சொல்லி வச்சிருக்க அவர்ட்ட?" என்று அடுக்களையில் வந்து கேட்டார் என் வீட்டுக்காரர்.

"நாம ரெண்டு பேரும் போயி ஒப்படைச்சிட்டு வந்துருவோம். மாமாவா வரப் போறாவ?"

வண்டி மாமா பெயரில் இருந்தது. உரிமையாளரே நேரில் வந்தால் நல்லது என்று மையத்திலிருந்து போனில் சொல்லிவிட்டார்கள். எல்லாருக்கும் படிவத்தின் கடைசி வரி வரைக்கும் படித்துச் சொல்கிறவளுக்குத் தன் வீட்டு விஷயத்தில் அது தோன்றவில்லை.

அடுத்த மூன்று வாரம் மாமா கேள்வியாகக் கேட்டார். பெண்பிள்ளைகளும் படிக்கிறார்களா? படிக்கிறார்கள். வாத்தியார் டீசல் இன்ஜின் தெரிந்தவரா? ரொம்ப நல்லாத் தெரிந்தவர். வெளியூர்ப் பிள்ளைகள் எங்கே தங்கும்? ஹாஸ்டல் இருக்கிறது மாமா. (ஹாஸ்டலை யார் கேட்டார்கள்? நானாகத்தான் கட்டினேன்.) மாமா ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, வண்டியின் குணங்களை எல்லாம் எழுத ஆரம்பித்தார். செகண்ட் கியரை அதட்டக் கூடாது. மழை நாளில் முதல் தடவை ஸ்டார்ட் ஆகாவிட்டால் கோபப்படக் கூடாது, இரண்டாவது தடவை ஆகும்.

போகிற நாள் வந்தது. என் வீட்டுக்காரருக்கு அன்றைக்குப் பார்த்து ஆபீஸில் ஆடிட். (அந்த ஆடிட்டை நான் இன்றுவரை நம்பவில்லை.) மாமா வண்டியைக் கழுவித் துடைத்து, வெள்ளை வேட்டி சட்டையில், சட்டைப்பையில் பேனாவோடு ஸ்டியரிங்கைப் பிடித்தார். பக்கத்தில் நான், மடியில் கோப்பு.

ராஜபாளையம் வருவதற்குள் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். ராஜபாளையம் வந்தது, போனது. ஸ்ரீவில்லிபுத்தூரில் மாமா தானாகவே வண்டியை நிறுத்தினார். இதுதான் சமயம் என்று தொண்டையைச் செருமினேன்.

"பிள்ளைகளுக்குப் பால்கோவா வாங்கிருவோம். எத்தன பிள்ளைங்க இருக்கும், மக்கா?"

"முப்பது," என்றேன்.

முப்பது சின்னப் பொட்டலங்கள் வாங்கினார். அதன்பின் சொல்வதற்கு எனக்கு வழியே இல்லை.

கல்லுப்பட்டி தாண்டி, சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது அந்த மையம். சுற்றுச்சுவருக்குள் கதவில்லாத கார்களும் சக்கரமில்லாத வேன்களும் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறி உட்கார்ந்திருந்தன. மாமா இறங்கி நின்று சுற்றிலும் பார்த்தார். முகத்தில் மரியாதை தெரிந்தது.

"பிராக்டிகல் ரொம்ப நடக்கும் போலயே. ஒரு வண்டியிலயும் கதவு இல்ல பாரு."

மேனேஜர் வந்தார். முப்பது வயதிருக்கும், நல்ல மனிதர். மாமா கையெடுத்துக் கும்பிட்டார்.

"வணக்கம் சார். நீங்கதான் பிரின்சிபாலா?"

"இல்லைங்க ஐயா, நான் மேனேஜர்."

மாமாவின் முதுகுக்குப் பின்னால் நின்று நான் கண்ணைக் காட்டினேன், தலையை ஆட்டினேன், கும்பிட்டும் பார்த்தேன். மேனேஜர் என்னைக் கவலையோடு பார்த்து, "மேடம், பாத்ரூம் அந்தப் பக்கம் இருக்கு" என்றார்.

"பிள்ளைங்கல்லாம் கிளாஸ்ல இருக்கா?" என்று மாமா கேட்டார். "நோட்டு ஒண்ணு எழுதிக் கொண்டாந்திருக்கேன். வாசிச்சே காட்டிருதேன். அரை மணி நேரம் போதும்."

மேனேஜருக்கு ஒன்றும் ஓடவில்லை. கோப்பைப் புரட்டிவிட்டு, தனக்குத் தெரிந்த ஒன்றைச் சொன்னார். "பேப்பர் எல்லாம் பக்காவா இருக்கு ஐயா. வண்டிய எடை மேடையில ஏத்திரலாமா?"

"எடையா?" என்றார் மாமா.

அந்த நேரத்தில் கொட்டகைக்குள் யாரோ கேஸ் கட்டரைப் பற்றவைத்தார்கள். நீலமாக ஒரு தீ நாக்கு வந்து ஒரு காரின் கூரை மேல் நகர்ந்தது. மாமா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். ஐம்பது வருடம் இரும்போடு வாழ்ந்தவருக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

"மக்கா, இது எந்தக் காலேஜ்?"

"காலேஜ் இல்ல மாமா."

"ஹாஸ்டலும் இல்லையோ?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். போடவில்லை. வண்டியின் பானட் மேல் கையை வைத்தார். மூன்று மணி நேரம் ஓடி வந்த இன்ஜின், இன்னும் சூடாக இருந்திருக்கும். வேண்டாம், திரும்பிப் போய்விடலாம் மாமா என்று நான் சொன்னேன். உண்மையாகத்தான் சொன்னேன். ஆனால் அன்றைக்கு என் சொல்லுக்கு ஒரு மதிப்பும் இல்லை என்பது எனக்கே தெரிந்தது.

"வந்தாச்சு," என்றார். மேனேஜரிடம் திரும்பி, "ஏத்துங்க. கழத்தும்போது நான் பக்கத்துல நிக்கணும். முடியுமா?" என்று கேட்டார்.

முடியும் என்றார்கள். வண்டிகளைப் பிரிக்கிற வேலையைப் பார்ப்பவர் பால்ராஜ் என்ற சாத்தூர்க்காரர். அவரும் கூட ஆறு பேரும் முதலில் எண்ணெயை வடித்தார்கள். பேட்டரியைத் தானே கழற்றுவதாகச் சொல்லி மாமா கழற்றினார். பால்ராஜ் சும்மா இருந்த நேரத்தில் நோட்டை எடுத்துப் புரட்டி, ஒரு பக்கத்தைச் சத்தமாக வாசித்தார்.

"'இடது பக்கம் பின்னால டக் டக் என்று ஒரு சத்தம் உண்டு. காரணம் தெரியவில்லை. பல வருடமாகத் தேடுகிறேன். மாணவர்கள் கண்டுபிடிக்கவும்.'" நிமிர்ந்தார். "அண்ணாச்சி, இப்பமே பாத்திருவமா?"

பின் சீட்டைத் தூக்கினார்கள். கதவின் உள்தகட்டைப் பிரித்தார்கள். அதற்கும் கீழே, கை நுழையாத ஒரு பெட்டிப் பகுதியைப் பால்ராஜ் வெட்டித் திறந்தார். உள்ளே கையை விட்டுத் துழாவி, துருப்பிடித்த ஒரு ஸ்பேனரை எடுத்து நீட்டினார்.

மாமா அதை வாங்கி வேட்டியில் துடைத்து, அதில் பொறித்திருந்த எண்ணைப் பார்த்தார். "பன்னெண்டு," என்றார். பிறகு, "இது களவு போச்சுன்னு என் மச்சினன்ட்ட ரெண்டு வருசம் பேசாம இருந்தேன்" என்றார்.

பால்ராஜ் சிரித்தார். மாமாவும் சிரித்தார். அப்புறம் இரண்டு பேரும் கியர் பாக்ஸின் அருகில் குத்தவைத்து உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினார்கள். எந்த வண்டியில் எது முதலில் தேயும், எது கடைசி வரைக்கும் புதிதாகவே இருக்கும் என்று பால்ராஜ் சொல்லச் சொல்ல, மாமா சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து நோட்டின் கடைசிப் பக்கங்களில் குறித்துக்கொண்டார். பால்கோவாவை ஆளுக்கு மூன்றாகக் கொடுத்தார். மேனேஜருக்கும் மூன்று. எனக்கு இல்லை.

சான்றிதழை வாங்கிக்கொண்டு பேருந்தில் திரும்பினோம். மாமா ஜன்னலோரம். மச்சினனுக்கு இரண்டு வருடம் என்றால் எனக்கு எத்தனை என்று நான் யோசித்துக்கொண்டு வந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டியதும் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். எனக்குத்தான் என்று நினைத்துக் கையைக்கூட நீட்டிவிட்டேன். அவரே சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்து, தாளை மடித்துப் பையில் போட்டுவிட்டுப் பேசினார்.

"நான் மெக்கானிக்கு. பழைய வண்டி எங்கன போவும்னு எனக்குத் தெரியாதா? தோணிருக்கணும். தோணாம பாத்துக்கிட்டேன். அது என் தப்பு."

"மாமா..."

"இரு. உன் தப்பு என்னன்னு சொல்லுதேன். இந்தக் கெழவன் தாங்க மாட்டான்னு நீயே முடிவு பண்ணுன பாரு, அதுதான். இனிமே நெசத்தச் சொல்லு. அழுவேனா, திட்டுவேனா, அது என் பாடு."

ராஜபாளையம் வரும்வரை நான் அழுதேன். அவர் ஜன்னல் வழியாக, எதிரே வருகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கும்போது, "அந்த லாரிக்கு செகண்ட் கியர் போச்சு" என்று என்னிடம் சொன்னார். அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

சலுகை எல்லாம் சொன்னபடி கிடைத்தது. சின்னதாக ஒரு பெட்ரோல் கார் வாங்கினோம். எதிர்வீட்டு அக்காவின் துணிகள் இப்போது நிம்மதியாகக் காய்கின்றன. "ஓடுதா நிக்குதான்னே தெரியல" என்று மாமா புதுக் காரைக் குறை சொல்வார். ஆனால் முன்சீட்டை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எந்தப் பொருளும் குப்பைக்குப் போவதில்லை. காலேஜுக்குத்தான் போகிறது. கிழிந்த குடை, கைப்பிடி உடைந்த குக்கர், என் வீட்டுக்காரரின் பழைய பேன்ட் எல்லாம் அட்மிஷன் வாங்கிவிட்டன. "மிக்ஸி எங்க?" என்றால், "அது பர்ஸ்ட் இயர் படிக்கி" என்று பதில் வரும். விருந்தாளிகள் முழிப்பார்கள். மாமா ஆரம்பத்திலிருந்து கதையைச் சொல்லுவார், ஹாஸ்டலை விடாமல்.

இப்போதெல்லாம் மாமா பகலில் என் கடையில் வந்து உட்கார்ந்துகொள்கிறார். போன வாரம் சிவகிரிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் தன் பழைய ஜீப்பைப் பற்றி விசாரிக்க வந்தார். வரிச் சலுகை, சான்றிதழ் எல்லாவற்றையும் விளக்கினேன். கடைசியில் அவரும் கேட்டார், வண்டியை என்னம்மா செய்வாங்க என்று.

"உடைப்பாங்க ஐயா. துண்டு துண்டா வெட்டி இரும்புக்குப் போயிரும்," என்றேன்.

பெரியவர் வீட்டில் யோசித்துவிட்டு வருவதாகச் சொல்லி எழுந்து போனார். அவர் படியிறங்கியதும் மாமா, செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்:

"ஒரு அட்மிஷன் போச்சே, மக்கா."