பெடல் இல்லாத நேர்த்தி

யாருக்கு எதை விட்டுக்கொடுத்தாலும் கார்ச் சாவியை மட்டும் கொறற்றிக்குக் கொடுக்கமாட்டேன் என்று ஒரு செவ்வாய்க்கிழமை, தேநீரோடு தீர்மானித்தேன்.

கொறற்றி என் மனைவி. அன்றுதான் கார் ஓட்டும் பரீட்சையில் தேறி ஃபியூறர்ஷைனை, அதுதான் ஓட்டுநர் அனுமதிப்பத்திரத்தை, கையில் வாங்கியிருந்தாள். அவள் வேலை செய்யும் முதியோர் இல்லம், நாங்கள் குடியிருக்கும் ஜேர்மன் நகரமான பீலெஃபெல்ட்டின் மறுகோடியில். அதிகாலை வேலைக்குப் பஸ் கிடையாது. என் தொழிற்சாலையோ நடந்தால் தூரம், சைக்கிளில் கிட்ட. நியாயம் முழுக்க அவள் பக்கம். அதனால்தான் எனக்குத் தந்திரம் தேவைப்பட்டது.

“இஞ்சேருங்கோ, நாளையிலையிருந்து காரை நான் கொண்டுபோறன். நீங்கள் ஒரு சைக்கிளிலை போங்கோ.”

“ஏலாது, கொறற்றி. நேர்த்தி வைச்சிட்டன்.”

“என்ன நேர்த்தி?”

“நீ பாஸ் பண்ணினால், சாகுமட்டும் சைக்கிள் பெடலிலை கால் வைக்கமாட்டன் எண்டு மாதாவுக்கு.”

எங்கள் ஆட்களிடம் இதற்கு மேல் பேச்சில்லை. ஆவணியில் கெவெலார் மாதா கோயிலில் கூடும் தமிழ்ச் சனத்தில் பாதிப்பேர் ஏதோவொரு நேர்த்தியோடுதான் மெழுகுதிரி ஏந்தி நிற்பார்கள்.

கொறற்றி சிலுவை போட்டுக்கொண்டாள். “மீறினால்?”

“குடும்பத்துக்குக் கூடாது.” குரலைக் கொஞ்சம் நடுங்கவும் விட்டேன்.

“பெடலிலைதானே கால் வைக்கக்கூடாது? சைக்கிள் ஓடலாம்?”

“பெடல் இல்லாமல் என்னெண்டு ஓடுறது?” என்று சிரித்தேன். அவளும் சிரித்தாள். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

மறுநாள் காலை வாசலில் ஒரு மரச்சாமான் நின்றது. இரண்டு மரச்சில்லு, நடுவில் நீட்டாக ஒரு கட்டை, முன்னால் ஒரு பிடி. பக்கத்து வீட்டு பீலிக்ஸ் அண்ணை அதைத் தடவிக்கொண்டு நின்றார். தச்சுப் பட்டறையில் வேலை செய்பவர். நகரத்துச் சைக்கிள் விழாவுக்காகத் தன் கையால் செய்தாராம்.

“இதென்ன அண்ணை?”

கொறற்றி முந்திக்கொண்டாள். “சைக்கிளின்ரை முப்பாட்டன். இருநூறு வருசத்துக்கு முந்தி, மன்ஹைமிலை ட்ரைஸ் எண்டவர் ஓடிக் காட்டினது. பெடலே இல்லை. குந்திக்கொண்டு காலாலை நிலத்தை உந்துறது.”

“குதிரைக்குப் பதிலாத்தான் இது வந்ததாம்,” என்றார் பீலிக்ஸ் அண்ணை.

“அப்ப இதிலை குதிரை ஆர்?”

“நீங்கள்தான்,” என்றாள் கொறற்றி. சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ரப்பர் ரயருக்கு முந்திய காலத்து வண்டி அது. இரும்புப் பட்டை போட்ட சில்லு. கல்லுப் பாவிய தெருவில் இறங்கியதும் என் பல்லெல்லாம் இடம் மாறி உட்கார்ந்தன. ஏற்றத்தில் நான் அதைத் தள்ளினேன், இறக்கத்தில் அது என்னைத் தள்ளியது. கின்டர்கார்டன் போகும் சிறுமி ஒருத்தி, தன் பெடலில்லாத குட்டிச் சைக்கிளில் என்னை முந்திக்கொண்டு, “ஷ்னெல்லர், ஓப்பா!” என்று கத்தினாள். இன்னும் வேகமாகவாம், தாத்தா! இரண்டாம் நாள் சப்பாத்தின் அடி பிய்ந்தது. எனக்கு அழுகையே வந்தது.

இதன் முன்சில்லில் பெடல் பூட்டுவதற்கு மனிதகுலம் அரை நூற்றாண்டு பொறுத்திருந்ததாம். நான் வெள்ளிக்கிழமை வரை பொறுத்தேன்.

“கொறற்றி, நேற்று மாதா கனவிலை வந்தவ.”

“என்ன சொன்னவ?”

“‘மகனே, நேர்த்தியிலையிருந்து உன்னை விட்டிட்டன், பெடலிலை காலை வை’ எண்டவ.”

“டொச்சிலையோ தமிழிலையோ?”

“தமிழிலைதான்.”

“அப்ப எங்கடை ஊர் மடுக் கோயில் மாதாதான் வந்திருக்கிறா. பிறகென்ன, வாங்கோ.”

கீழே கெல்லர் என்ற நிலவறையைத் திறந்தாள். உள்ளே புத்தம்புது சைக்கிள். பெடல், செயின், காற்றடித்த ரயர், மணி! மனிதகுலத்தின் முன்னேற்றம் முழுவதும் ஒரே இடத்தில் நின்றது. சந்தோஷத்தில் ஆசனத்தைக் கட்டிப்பிடித்தேன்.

“எப்ப வாங்கினனீ?”

“நீங்கள் நேர்த்தி சொன்ன அண்டைக்கே. நானும் அண்டைக்கு ஒண்டு வைச்சனான்.”

“என்ன?”

“உங்கடை வாயாலை பெடல் கேட்டால், இந்த முறை கெவெலாருக்கு நீங்கள் சைக்கிளிலை வருவீங்கள் எண்டு.”

பீலெஃபெல்ட்டிலிருந்து கெவெலார் ஏறக்குறைய இருநூறு கிலோமீட்டர். ஆசனத்திலிருந்து கையை எடுத்தேன்.

“என்னை வைச்சு நீ நேர்த்தி வைக்கலாமோ?”

“பிள்ளையளுக்குத் தாய் வைக்கிறேல்லையோ? அப்பிடித்தான்.”

“அப்ப நீ?”

“நான் காரிலை பின்னாலை வாறன், சோத்துப் பார்சலோடை.”

“மீறினால்?”

“குடும்பத்துக்குக் கூடாது. நீங்கள்தானே சொன்னனீங்கள்.”

ஒரே ஒரு வழிதான் மிச்சம். “மாதாவிட்டைக் கேட்டால் விடமாட்டாவோ, கொறற்றி?”

அவள் மணியை ஒருதரம் அடித்துப் பார்த்தாள்.

“விடுவா. ஆனால் எனக்கு இன்னும் கனவிலை வரேல்லையே.”