கிழவரைக் கொன்றது யார்?

"அத்தை, அது நீங்க இல்ல. சத்தியமா இல்ல."

"அப்ப வேற எவ மாப்பிள்ளை, பல்லைக் கடிச்சுக்கிட்டே பால் காய்ச்சுவா?"

மாப்பிள்ளையான மருந்துக்கடைக்காரர் மாமியார் கையிலிருந்த தாள்களைப் பார்த்தார். சின்ன ஊர், ஒரு கொலை, உடைந்த குடும்பம், ஆறாத காயம் என்று பதிப்பாளர் கேட்டிருந்தார். முதல் நாவல். சாயங்காலம் அச்சுக்குப் போயாக வேண்டும். காயத்தை வெளியில் தேடுவானேன், வீட்டிலேயே வேண்டிய மட்டும் கிடக்கிறதே என்று எழுதித் தள்ளிவிட்டார். அதோடு நின்றிருக்கலாம். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாக, வீட்டாரிடமே படிக்கக் கொடுத்தார்.

ஒடிந்த மூக்குக்கண்ணாடியை நூல் கட்டிக் காதில் மாட்டிக்கொண்டிருக்கும் ஒரு கஞ்சக் கிழவர் முதல் அத்தியாயத்திலேயே செத்துப் போகிறார். பாலில் விஷம். கலந்தது மனைவி.

"அவர் என் நகையை வித்த காயம் எனக்கு இருக்கு, இல்லேங்கல," என்றார் மாமியார். "ஆனா விஷம் வைக்கறவளா இருந்தா இத்தனை வருஷம் காத்திருப்பேனா? இது அச்சுக்குப் போச்சுன்னா நீங்க வேற வீடு பாத்துக்குங்க!"

வீட்டோடு இருக்கும் மாப்பிள்ளை, பாவம், எங்கே போவார்? கதையில் பாலைக் கொட்டிவிட்டு, கிழவரின் ஸ்கூட்டர் பிரேக்கைக் கழற்றினார். கழற்றியது மகன்.

மதியம் சாப்பிட வந்த மச்சினன், ஒர்க் ஷாப் கிரீஸ் கையோடு தாளைப் புரட்டினான்.

"என்ன அத்தான் இது? அப்பா என் படிப்பைப் பாதியில நிறுத்தின கோபம் இருக்குதான். அதுக்காக பிரேக்ல கை வைப்பேனா? இதைப் படிச்சா எவன் என்கிட்ட வண்டி விடுவான்?" அடுத்த பக்கத்தைப் பார்த்துச் சிரித்தான். "ஆனா கிழவர் பள்ளத்துல உருள்ற இடம் அருமை. ரெண்டு தடவை படிச்சேன்."

"பால்ல செத்தப்பவும் நல்லாத்தான் இருந்துச்சு," என்றார் மாமியார்.

சரியென்று கிழவரை மொட்டை மாடியிலிருந்து தள்ளிவிட்டார். இந்த முறை மகள்.

"நான் ஏங்க தள்ளணும்?" என்றாள் மனைவி.

"இல்லம்மா... பிடிச்சவன்கிட்டேருந்து பிரிச்சு, ஒரு மருந்துக்கடைக்காரனுக்குக் கட்டி வச்ச கோபம்..."

"ஓஹோ! அதை அச்சடிச்சு ஊருக்கே குடுங்க!" அவள் பெட்டியை இழுத்து வெளியே வைத்தாள். தன்னுடையதை அல்ல, அவருடையதை.

நாவலா, வீடா? மனுஷன் தலையில் கை வைத்துக்கொண்டு யோசித்தார். கடைசியில் பேனாவைத் தன் பக்கமே திருப்பினார். கொன்றது மாப்பிள்ளை. மாத்திரையை மாற்றிக் கொடுத்துவிட்டான். கூடத்தில் எல்லாரையும் உட்கார வைத்து உரக்கப் படித்தார்.

"அட, என்ன பொருத்தம்!" என்று மச்சினன் தொடையில் தட்டினான்.

"முழியே திருட்டு முழிதான்," என்றாள் மனைவி. பெட்டி உள்ளே போனது. மாமியார் தன் கையாலேயே காபி கொண்டுவந்து வைத்தார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத குடும்பம் அன்றுதான் சேர்ந்து உட்கார்ந்து சிரித்தது. மருந்துக்கடைக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்போது மூலையில் ஒரு செய்தித்தாள் கீழே இறங்கியது. காலையிலிருந்து அதன் பின்னால் மாமனார் இருக்கிறார் என்பதே எல்லாருக்கும் மறந்து போயிருந்தது. அவர் காதிலிருந்த நூலை அவிழ்த்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"கொன்ன ஆளை மூணு தடவை மாத்தியாச்சு. செத்த ஆளை மாத்தச் சொல்ல இந்த வீட்டுல ஒருத்தருக்கும் வாய் வரலையா?"